பற்றரி இல்லாத பேஸ் கிற்றாரின் மந்தமான ஒலியைத் துலக்குவது எப்படி?

தம்பி, உங்கள் கேள்வியை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப் இரண்டு கொண்ட, பற்றரி இல்லாத, ஜாஸ் பேஸ் வகைக் கிற்றார் ஒன்றை வைத்திருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் ஞாயிறு ஆராதனையிலும், திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவோடும் வாசிக்கிறீர்கள். ஒலியின் துலக்கத்தை மாற்றும் ரோன் கொன்ட்ரோலை முழுவதும் திறந்து வைத்தாலும் ஒலி போர்வைக்குள் இருந்து வருவதுபோல் மந்தமாகவே இருக்கிறது. ஆகவே பிக்கப்புகளை மாற்றுவதா, அல்லது பிக்கப்பின் மின்னைக் கூட்டிக் கொடுக்கும் பிரீஅம்ப் ஒன்றை உள்ளே பொருத்தி, பற்றரியில் இயங்கும் அக்டிவ் கிற்றார் ஆக்கிவிடுவதா என்று கேட்கிறீர்கள். இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள் என்பதே என் பதில்; அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பாஸிவ், அதாவது பற்றரி இல்லாத, கிற்றாருக்குள் இருக்கும் மின்சுற்றுக்கு எதையும் கூட்டிக் கொடுக்கும் ஆற்றல் கிடையாது. தந்தி அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து, அதைவிட உயர்ந்த துணை ஒலிகளான மேற்றொனிகளும் பிறக்கின்றன. திறந்த, அதாவது விரலால் அழுத்தாத, நான்காம் தந்தியின் அடிப்படை மீடிறன் (ஒரு செக்கனில் அதிரும் தடவை) ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ்தான்; ஆனால் நாம் துலக்கம் என்று கேட்பது பெரும்பாலும் 1,000 ஹேர்ட்ஸிலிருந்து 5,000 ஹேர்ட்ஸ் வரையிலான மேற்றொனிகளையும் விரல் தந்தியைத் தொடும் ஓசையையும்தான். அந்த மேற்றொனிகள் பிக்கப்பின் சுருள், வொலியூம் கொன்ட்ரோல், ரோன் கொன்ட்ரோல், கேபிள், அம்பிளிபயரின் உள்ளீடு, கடைசியில் ஸ்பீக்கர் என்று ஒவ்வொரு இடமாகக் கடந்து வரும்போது ஒவ்வோரிடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. ரோன் கொன்ட்ரோலை 10இல் வைப்பதற்குப் பொருள், அந்த ஓரிடத்தில் ஆகக் குறைந்த அளவு வெட்டப்படுகிறது என்பது மட்டுமே. ஆகையால் எங்கே இழக்கிறோம் என்று தந்தியிலிருந்து தொடங்கி வரிசையாகத் தேடிக்கொண்டு போவதே செலவு குறைந்த வழி.

முதலில் கேபிளைக் கழற்றிவிட்டு, அமைதியான அறையில், கிற்றார் உடலின் மேற்கொம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு தந்தியாக மீட்டிப் பாருங்கள். எலும்பு வழியாகத் தந்தியின் இயல்பான ஒலி அப்படியே கேட்கும். அங்கேயே மணிபோன்ற ஓசை இல்லாவிட்டால் குறை தந்தியில் அல்லது அது தாங்கி நிற்கும் இடங்களில் இருக்கிறது. எந்த மின்வேலையும் அதைச் சரிசெய்யாது. அங்கே துலக்கமாகக் கேட்டு ஸ்பீக்கரில் மட்டும் மந்தமாக இருந்தால் தேட வேண்டிய இடம் மின்சுற்றும் அதற்குப் பிந்தியதும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் பிக்கப் வாங்கியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் தந்திதான் முதற் சந்தேகத்துக்கு உரியது. குடாநாட்டில் எங்கே இருந்தாலும் கடலோ கடல்நீரேரியோ தூரத்தில் இல்லை. சோளகக் காற்று உப்பைக் கொண்டு வருகிறது, ஐப்பசி கார்த்திகை மாரி ஈரத்தைக் கொண்டு வருகிறது, வியர்வை நாங்களே கொடுப்பது. தந்தியின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியின் இடுக்குகளில் தோல் அழுக்கும் வியர்வையும் துருவும் படியும்போது தந்தி சீராக அதிர முடியாமல் போகிறது. முதலில் சாவது உயர்ந்த மேற்றொனிகள்தாம். அடிப்படைச் சுரம் தப்பிவிடுவதால் தந்தி பழுதானதை வாசிப்பவர் உணர்வதில்லை. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக மங்கும் ஒலிக்குக் காது பழகிவிடுகிறது.

தந்தி வாங்கும்போது இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, சுற்றுக்கம்பியின் வடிவம்: உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் தந்தி துலக்கமானது, தட்டையான நாடா சுற்றிய பிளாட்வவுண்ட் தந்தி இயல்பிலேயே மந்தமானது. மற்றையது உலோகம்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுற்றியது ஆகத் துலக்கமானது, நிக்கல் பூசிய ஸ்டீல் அதற்கு அடுத்தது, தனி நிக்கல் இன்னும் மென்மையானது. 1966ஆம் ஆண்டில் த ஹூ குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜோன் என்ட்விசில், தந்தி செய்யும் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தாரோடு சேர்ந்து தந்திகளைச் சீர்படுத்தியதிலிருந்துதான் ஸ்டீல் ரவுண்ட்வவுண்டின் பியானோ போன்ற ஒலி மேற்கத்தைய இசையில் பரவியது. அதே காலத்தில் டெட்ரொயிட் நகரில் பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன் பழைய பிளாட்வவுண்ட் தந்திகளை அறுந்தாலொழிய மாற்றாமலே வாசித்துப் பெரும் புகழ் பெற்றார். மந்தமான ஒலி எல்லா இசைக்கும் குறை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களில் பேஸ் தனியொரு மெட்டாகவே நடக்கும். அதை மேடையில் வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் அல்லது நிக்கல் பூசிய ரவுண்ட்வவுண்ட் தான் பொருத்தம். அது கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டைகளான பிரெட்டுகளைச் சற்று வேகமாகத் தேய்க்கும் என்பதையும் அறிந்துகொண்டு வாங்குங்கள்.

புதிய தந்திக்கு இப்போது வசதி இல்லையென்றால் பழையதைக் கழுவி ஓரளவு மீட்கலாம். கொதிநீரில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுப்பது பலரும் அறிந்த முறை. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் படியும் அந்த வெள்ளைப் படிவு தந்தியின் இடுக்கிலும் படியும். ஆகவே மழைநீரையோ, பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடித்த நீரையோ பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, மருந்துக்கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவைப்பது. ஒரு பக்கம் மூடி ஒட்டிய பீ.வீ.சி. குழாய்த் துண்டுக்குள் தந்திகளை நீளமாக இறக்கி, ஸ்பிரிட்டை ஊற்றி, மறுபக்கத்தையும் மூடி வைத்தால் ஆவியாகி வீணாகாது. மறுநாள் எடுத்துத் துணியால் அழுத்தித் துடைத்து நன்றாக உலர்த்திய பிறகே பூட்ட வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் என்பதால் குசினியிலும் விளக்குக்குப் பக்கத்திலும் இதைச் செய்யாதீர்கள். அழுக்கால் செத்த தந்திக்கு இது உயிர் கொடுக்கும். துருவால் செத்த தந்திக்குக் கொடுக்காது. தவிர, முறுக்காணியில் சுற்றி வளைந்த இடத்தை அடிக்கடி நிமிர்த்தி மடக்கினால் தந்தி அங்கே பலவீனப்படும். ஒரு தொகுதியை இரண்டு மூன்று தடவைக்கு மேல் இப்படிக் கழுவ நான் துணிவதில்லை. வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் மேலும் கீழும் துடைக்கும் பழக்கம் இந்த வேலை அத்தனையையும் தள்ளிப்போடும்.

திறந்த தந்தி மட்டும் மந்தமாகவும் பிரெட்டில் அழுத்திய சுரம் துலக்கமாகவும் இருந்தால் கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்தி தங்கும் நட்டின் பள்ளம் அகன்றோ ஆழ்ந்தோ போயிருக்கலாம். பழைய பாணிக் கிற்றார்களில் உடல் பக்கத்தில் தந்தி தங்கும் பிரிட்ஜின் மூடிக்குள் தந்தியை அமுக்கும் பஞ்சு ஒட்டியிருப்பதும் உண்டு; ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தந்தி நன்றாக இருந்தும் ஒலி மந்தமாக இருந்தால், கிற்றாரைத் திறப்பதற்கு முன்பு, அது எதில் செருகப்படுகிறது என்று பாருங்கள். எங்கள் ஊர் மேடைகளில் பேஸ் ஒலி பாழாவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் இதுதான். பேஸ் அம்பிளிபயர் கிடையாது, கிற்றாரை மிக்ஸரில் நேரே செருகிவிடுங்கள் என்று ஒலி அமைப்பவர் சொல்வார், நாமும் செருகிவிடுவோம். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் தடவை சுற்றிய மெல்லிய செப்புக்கம்பி. அதன் தூண்டுதிறன் மிக அதிகம், சில ஹென்றி அளவில் இருக்கும். மீடிறன் உயர உயர அந்தச் சுருளே மின்னோட்டத்தைக் கூடுதலாகத் தடுக்கும். எதிர்ப்பக்கத்தில் உள்ளீட்டுத் தடை 1 மெகா ஓம் அளவில் இருந்தால், சுருளின் அந்தத் தடுப்பு பெரிதாகப் பாதிக்காது. பேஸ் அம்பிளிபயர்களின் உள்ளீடு பெரும்பாலும் அப்படித்தான் அமைக்கப்படுகிறது. மிக்ஸரின் லைன் உள்ளீடு பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். மைக் உள்ளீடு அதிலும் குறைவாகச் சில கிலோ ஓம்தான். 4 ஹென்றி தூண்டுதிறனும் 8 கிலோ ஓம் தடையும் உள்ள ஒரு பிக்கப்பை 10 கிலோ ஓம் உள்ளீட்டில் செருகினால், கணக்குப்படி 700 ஹேர்ட்ஸை அண்டியே ஒலி சரியத் தொடங்கிவிடும். நீங்கள் தேடும் துலக்கம் முழுவதும் அதற்கு மேலேதான் இருக்கிறது. மிக்ஸரில் உயர்ந்த ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிள் கொன்ட்ரோலை முழுவதும் ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறுமே தவிர, வராத மேற்றொனி வராது.

இதற்கு மருந்து அக்டிவ் டீ.ஐ. பெட்டி. கிற்றாரிலிருந்து வரும் கேபிளை அதில் செருகினால் 1 மெகா ஓம் அளவுள்ள உள்ளீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டு, மறுபக்கத்தில் மைக் கேபிள் வழியாக மிக்ஸருக்குப் பாதுகாப்பாக அனுப்பும். மின்சாரம், மைக் கேபிள் வழியாக மிக்ஸர் அனுப்பும் பாந்தம் பவரிலிருந்தோ பற்றரியிலிருந்தோ கிடைக்கும். சில மிக்ஸர்களில் ஒரு சனலுக்கு மட்டும் ‘ஹை இஸட்’ என்று குறித்த பொத்தான் இருக்கும். கிற்றார் படத்தோடும் சில வரும். அது இருந்தால் பெட்டி இல்லாமலே வேலை முடிந்துவிடும். வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு செய்யும் கருவிகளுக்கும் இதே விதி பொருந்தும். வாசிப்பவரிடம் இருக்க வேண்டிய முதல் உபகரணம் எது என்று கேட்டால், கிற்றாருக்கு அடுத்ததாக நான் டீ.ஐ. பெட்டியைத்தான் சொல்வேன். மேடை மாறலாம், ஒலி அமைப்பவர் மாறலாம், கிற்றார் எதில் செருகப்படுகிறது என்பது மட்டும் மாறாமல் இருக்கும்.

அடுத்தது கேபிள். கேபிளின் நடுக்கம்பிக்கும் அதைச் சுற்றிய வலைக்கும் இடையில் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் தன்மை, உண்டு. சாதாரணக் கிற்றார்க் கேபிளில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 100 பிக்கோபரட். இந்தக் கொள்ளளவமும் பிக்கப்பின் தூண்டுதிறனும் சேர்ந்து ஒரு பரிவு மீடிறனை உண்டாக்குகின்றன. அதை அண்டி ஒலி சற்று உயர்ந்து, அதற்கு மேலே வேகமாகச் சரியும். மேலே சொன்ன 4 ஹென்றி பிக்கப்பையே எடுத்துக்கொண்டு, சுருளின் சொந்தக் கொள்ளளவம் 100 பிக்கோபரட் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்: 10 மீற்றர் கேபிளோடு பரிவு 2,400 ஹேர்ட்ஸ் அளவில் விழும், 6 மீற்றரில் அது 3,000 ஹேர்ட்ஸ், 3 மீற்றரில் 4,000 ஹேர்ட்ஸ். கிற்றாரில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் கேபிளைக் குறுக்குவதாலேயே இவ்வளவு கிடைக்கிறது. டீ.ஐ. பெட்டியை மிக்ஸருக்குப் பக்கத்தில் வைக்காமல் உங்கள் காலடியில் வைத்து, 3 மீற்றர் கேபிளால் கிற்றாரை இணைத்து, எஞ்சிய தூரத்தை மைக் கேபிளால் கடப்பதே சரி. பெட்டியைத் தாண்டிய பிறகு நீளம் இந்த விதத்தில் பாதிக்காது. நான் ஒரு காலத்தில் ஒரு கிற்றாரின் பிக்கப்பையே மாற்றிவிட்டு, பிறகுதான் கடையில் செய்து வாங்கிய நீண்ட கேபிளே காரணம் என்று கண்டேன். பழைய பிக்கப் அந்தக் கிற்றாருக்கே திரும்பிப் போயிற்று.

இனிக் கிற்றாரின் உள்ளே பார்க்கலாம். ஜாஸ் பேஸ் வகையில் பொதுவாக 250 கிலோ ஓம் கொன்ட்ரோல்கள் மூன்று இருக்கும்: வொலியூம் இரண்டு, ரோன் ஒன்று. எல்லாம் முழுதாகத் திறந்திருந்தாலும் அவை மூன்றும் பிக்கப்புக்கு இணையாக நின்று சுமையைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. உயர்ந்த மீடிறன்களில் ரோனோடு இணைந்த, மின்னேற்றத்தைத் தேக்கும் கொள்ளளவி வெறும் கம்பிபோல நடப்பதால், மூன்று 250 கிலோ ஓமும் சேர்ந்து ஏறத்தாழ 83 கிலோ ஓம் ஆகிவிடும். அந்தச் சுமைதான் பரிவின் மேட்டை அமுக்கித் தட்டையாக்குகிறது. மூன்றையும் 500 கிலோ ஓம் ஆக்கினால் சுமை 167 கிலோ ஓம் ஆகும். மேடு எழும், ஒலியில் காற்றோட்டம் வரும். பிரிசிஷன் பேஸ் என்ற மற்றொரு வகைக் கிற்றாரில் இரண்டே கொன்ட்ரோல் என்பதால் 125 கிலோ ஓமிலிருந்து 250 கிலோ ஓமுக்கு ஏறும். வாங்கும்போது முதுகில் ‘ஏ’ என்ற எழுத்தோடு 500 கே என்று பொறித்ததை, அதாவது மடக்கைச் சீரில் தடை மாறும் வகையைக் கேட்டு வாங்குங்கள். தண்டின் பருமன் பழைய குமிழுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

காசு கொடுப்பதற்கு முன்பு பலனைக் கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. ரோன் கொன்ட்ரோலுக்குப் போகும் வயரை மட்டும் ஈயப்பற்றை உருக்கிக் கழற்றி, நுனியில் ரேப் சுற்றி, வாசித்துப் பாருங்கள். ரோன் சுற்று இல்லாத அந்த ஒலி, உங்கள் பிக்கப்பிடமிருந்து பெரிய அளவில் செலவின்றி எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லிவிடும். அது உங்களுக்குப் பிடித்திருந்து, ரோன் கொன்ட்ரோலை நீங்கள் குறைப்பதே இல்லையென்றால், அப்படியே விட்டுவிடலாம். குறைக்கவும் வேண்டுமென்றால், 10இல் வைத்ததும் தானாக இணைப்பு அறுந்துவிடும் நோ-லோட் வகைக் கொன்ட்ரோல் இருக்கிறது.

கொள்ளளவியை மாற்றினால் துலக்கம் வரும் என்று பலர் சொல்வார்கள்; நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். 0.047 மைக்ரோபரட்டை எடுத்துவிட்டு 0.022 போட்டாலும், ரோன் முழுதாகத் திறந்திருக்கும்போது வித்தியாசம் காதுக்கு எட்டாது. குமிழைக் குறைக்கும்போது எந்த இடத்திலிருந்து வெட்டுகிறது என்பதையே அது தீர்மானிக்கிறது. எண்ணெய்த் தாள் கொள்ளளவி, பழங்காலக் கொள்ளளவி என்று விலை கூட்டி விற்பதற்கும் இதே பதில்தான்.

வொலியூம் விடயத்தில் ஒரு கவனம் வேண்டும். அதைச் சற்றுக் குறைத்தவுடன் ஒலியும் மங்குவதைக் கண்டிருப்பீர்கள். குமிழின் தடை கேபிளின் கொள்ளளவத்தோடு சேர்ந்து மேற்றொனிகளை வடித்துவிடுவதே காரணம். ஒரே வொலியூம் உள்ள கிற்றாரில் 1 நானோபரட் கொள்ளளவியும் 150 கிலோ ஓம் தடையியும் இணைத்து இதைத் தடுப்பார்கள். ஆனால் இரண்டு வொலியூம் உள்ள உங்கள் கிற்றாரில் அவை ஒன்றையொன்று பாதிக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. கிற்றாரில் முழுதாகத் திறந்துவைத்து, அளவை அம்பிளிபயரில் சரிசெய்வதே எளிது. இரண்டு பிக்கப்பும் ஒரே அளவில் திறந்திருக்கும்போது நடுச்சுரங்களில் சில ஒன்றையொன்று அழித்து, கீழும் மேலும் துலங்கும். தனித்துக் கேட்கும்போது அது அழகு. மேடையில் டிரம்ஸும் கீபோட்டும் சேர்ந்து வரும்போது பேஸ் காணாமல் போய்விட்டால், பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பை முழுதாக வைத்துக் கழுத்துப் பக்கத்தை ஒரு கால் பங்கு குறைத்துப் பாருங்கள்.

பிக்கப்பின் உயரத்தையும் பாருங்கள். கடைசிப் பிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்திக்கும் காந்த முனைக்கும் இடைவெளியை 3 மில்லிமீற்றர் அளவில் வைத்துத் தொடங்கி, மெல்லிய தந்திகளின் பக்கத்தை இன்னும் சிறிது உயர்த்தலாம். நெருங்க நெருங்க விரலின் தாக்கம் தெளிவாகும். அளவுக்கு மீறினால் காந்தம் தந்தியையே இழுத்துப் பிடித்து, சுரத்தை அலையவைத்து, நீட்சியையும் குறைத்துவிடும். தடித்த தந்திகளில் இது முதலில் தெரியும்.

கையைப் பற்றி ஒரு வார்த்தை: பிரிட்ஜை நோக்கி நான்கு விரல் அகலம் நகர்ந்து வாசித்தால் கிடைக்கும் துலக்கம், மேலே சொன்ன மின்வேலைகள் பலவற்றைவிடப் பெரிது. விரலுக்குப் பதிலாகத் தந்தியை மீட்டும் சிறு வில்லையான பிளெக்ட்ரம் பிடித்தால் இன்னும் பெரிது. ஸ்பீக்கரும் இதில் பங்காளி. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று மட்டும் உள்ள பெட்டி, உயர்ந்த ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் இல்லாமல், உயர்ந்த மேற்றொனிகளைத் தராது. சில பேஸ் பெட்டிகளின் பின்புறத்தில் ட்வீட்டருக்கென்று தனிக் குமிழ் இருக்கும்; அது பூச்சியத்தில் கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை. ஈக்வலைசரில் 5,000 ஹேர்ட்ஸைத் தூக்குவதைவிட 800 முதல் 1,500 ஹேர்ட்ஸ் வரை சற்றுத் தூக்குவதே, திறந்தவெளிக் கோயில் வீதியில் பேஸின் மெட்டைத் தெளிவாகக் கேட்கவைக்கிறது. வாசகசாலை மண்டபங்கள் போன்ற, சுவர்கள் எதிரொலிக்கும் இடங்களில் ட்ரெபிளைத் தொடாமல் கீழ்ச்சுரத்தைக் குறைத்தாலே போதும்.

பிரீஅம்ப் பற்றிக் கேட்டீர்கள். உள்ளே பொருத்தும் பிரீஅம்ப் இரண்டு வேலை செய்கிறது: கேபிளுக்கும் பிக்கப்புக்கும் இடையில் நின்று கேபிளின் பாதிப்பைத் தடுக்கிறது, ட்ரெபிளைக் கூட்டவும் விடுகிறது. முதல் வேலையை 3 மீற்றர் கேபிளும் டீ.ஐ. பெட்டியும் பெருமளவு செய்துவிடும். இரண்டாவதை மிக்ஸர் செய்யும். அதற்காக மரத்தைக் குடைந்து 9 வோல்ற் பற்றரிக்கு இடம் தேடுவதை நான் விரும்புவதில்லை. பாட்டின் நடுவில் பற்றரி இறங்கினால் ஒலியே நின்றுவிடும். அப்படியும் வேண்டுமென்றால் டீ.ஐ. வசதியோடு வெளியே வைக்கும் பிரீஅம்ப் பெடலை வாங்குங்கள். கிற்றார் மாறினாலும் அது உங்களோடு வரும்.

உங்கள் விடயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். இந்த ஞாயிறுக்கு முன்பு தாடையை வைத்துத் தந்தியைச் சோதியுங்கள்; தேவாலயத்தில் கிற்றார் மிக்ஸரின் எந்தத் துளையில் செருகப்படுகிறது என்று பாருங்கள். யாரிடமாவது அக்டிவ் டீ.ஐ. பெட்டி ஒன்றை ஒருநாள் இரவல் வாங்கி, குட்டைக் கேபிளோடு வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறை இருந்தால் மட்டும் ரோன் வயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, 500 கிலோ ஓம் கொன்ட்ரோல்களுக்குப் போங்கள். கழற்றும் முன்பு ஒவ்வொரு வயரும் எங்கே பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்று தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய கொன்ட்ரோல்களையும் கொள்ளளவியையும் ஒரு பையில் போட்டுக் கிற்றார் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.